தெற்கு ரத வீதியில் பனிப்பொழிவு

சங்கரன்கோவிலுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் ஓவியக்கூடத்தின் இயக்குநர் கேரல் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அங்கே பனி பெய்யுமா?"

ஆடி மாதத்தில், தென்காசி மாவட்டத்தில்! சிரிப்பை அடக்கிக்கொண்டு "பெய்யாது" என்றேன். "அப்படியென்றால் எதற்குப் போகிறாய்?" என்றாள். பெய்யாது என்பதால்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெட்டி கட்டப் போனேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வருஷத்தில் ஐந்து மாதம் பனியில் புதைந்து கிடக்கும் ஒரு சிற்றூரில், சின்ன ஓவியக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் நாலு வரி எழுதிய அட்டை ஒட்டியிருக்குமே, அதை எழுதுவது நான்தான். பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. இருபத்திரண்டு வருஷமாகப் பனி தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிந்துபோன ஐம்பத்தைந்து வயதுக்காரி.

எங்கள் அமெரிக்க ஊருக்குப் பெருமை என்று இருப்பது ஒரே ஒருத்தி. பெயர் லவினியா பெக். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரி. ஓவியமும் வரைவாள், எழுதவும் செய்வாள். குடியானவர் வீட்டுப் பெண். நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கு ஆப்பிள் படம் வரைந்து தொழிலை ஆரம்பித்தாள். ஆப்பிளில் புழு இருந்தால் புழுவையும் சேர்த்து வரைந்து திட்டு வாங்கியிருக்கிறாள். பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களின் முகங்களை வரைந்தாள். மருவை எடுக்கச் சொன்னவர்களுக்கு மருவோடுதான் படம் கிடைத்தது. பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினாள். தங்கும் விடுதிகளின் சூப்பைப் பற்றி அவள் எழுதியதைப் படித்தால் இன்றைக்கும் வயிறு குலுங்கும். கண்ணில் பட்டதை அப்படியே வைப்பது, அதுதான் அவள் வேலை.

நாற்பது வயதுக்கு மேல், போதகரான அண்ணனுக்குத் துணையாகத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினாள். இங்கே அவள் கடைசியாக வரைந்த பெரிய படம்தான் வினையாகிவிட்டது. வெயில் நாட்டுத் தெரு, பெருங்கூட்டம், கோபுரம். அத்தனைக்கும் மேலே கொட்டோ கொட்டென்று பனி கொட்டுகிறது. பனிக்கு நடுவே ரத்தத் துளிகள்போலச் சிவப்பு. பல்லக்கில் ஓர் உருவம், அதன் பாதி வெள்ளை, பாதி நீலம். படத்தைப் பார்த்த அண்ணன் பயந்துபோய் வைத்தியரைக் கூப்பிட்டார். ஊர் ஏக்கத்தில் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி ஊருக்குத் திருப்பிக் கூட்டிப் போனார். அவள் எழுதிய பயண நூலின் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பாளர் அச்சிடவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷம் உயிரோடு இருந்தாள், தூரிகையைத் தொடவில்லை.

"நோயுற்ற மனத்தின் ஓவியம்." அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவள் நான். ஒட்டியவளும் நானே.

போன குளிர்காலத்தில் படத்தைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கு போனதும் பார்க்கிறேன், பல்லக்கு உருவத்தின் ஒரு பக்கம் சடையும் பாம்பும், மறுபக்கம் கிரீடமும் சங்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சங்கரநாராயணர்! பாதி சிவன், பாதி திருமால். ஆடித்தபசு அன்று கோமதி அம்மனுக்கு அந்தக் கோலத்தில் காட்சி கொடுக்கும் ஊர் சங்கரன்கோவில். கேரல் பொறுமையாகக் கேட்டாள். "சரி, உருவத்துக்குக் காரணம் சொல்லிவிட்டாய். பனிக்கு? ரத்தத்துக்கு?" என்றாள். லவினியாவைப் பற்றிய எங்கள் புதிய புத்தகம் அச்சுக்குப் போகிற நாள், ஆடித்தபசு நாள். அமெரிக்க நேரப்படி அன்று நண்பகலுக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் பழைய வரியே புத்தகத்தில் ஏறிவிடும். அட்டையைக் கிழிக்கலாம், ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்ட புத்தகத்தை என்ன செய்வது?

இவ்வளவு பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவள் செய்த முதல் காரியம், ராஜபாளையத்தில் தவறான பேருந்தில் ஏறியது. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது, மலை தெரிந்தது, ஏறிவிட்டேன். அமெரிக்காவில் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஓட்டுநரையும் என்னையும் தவிர ஆள் இருக்காது. இங்கே நடத்துநர் என்னிடம் வந்து சேர்வதற்கே இருபது நிமிஷம் ஆயிற்று.

"சங்கரன்கோவிலா? எக்கா, இது தென்காசி வண்டில்லா! ஏறும்போது ஒரு வார்த்த கேக்காண்டாமா?" என்றார். அவ்வளவுதான், மொத்தப் பேருந்தும் என் விவகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. சிவகிரியில் இறங்கு என்றது ஒரு கட்சி, புளியங்குடியில் இறங்கு என்றது இன்னொரு கட்சி. பக்கத்தில் இருந்த கடையநல்லூர்ப் பெண் மூன்றாவது வழி சொன்னாள். "பேசாம எங்கூட வீட்டுக்கு வாங்கக்கா. எங்க வீட்டுக்காரங்க ரியாத்துலேந்து வந்திருக்காங்க, இன்னைக்கு பிரியாணி. தின்னுட்டு சாவகாசமாப் போலாம்." பேசிப் பத்து நிமிஷம் ஆகாத ஒருத்தியை இப்படிக் கூப்பிட முடிகிறதே! நன்றி சொல்லிச் சிவகிரியில் இறங்கினேன். டீயும் பருப்பு வடையுமாக ஒரு மணி நேரம் காத்திருந்து, சங்கரன்கோவில் பேருந்தைப் பிடித்தேன். அந்த வடைக்காகவே இன்னொரு முறை பேருந்து மாறி ஏறலாம்.

நான் தங்கியது ரூத் வீட்டில். என் சென்னைத் தோழியின் சித்தி மகள், பள்ளியில் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டைக்காரி, இந்த வருஷம்தான் மாற்றலில் இங்கே வந்திருக்கிறாள். நான் பேச ஆரம்பித்த ரெண்டாவது நிமிஷமே சிரித்துவிட்டாள். "என்னக்கா வார்த்தைக்கு வார்த்த 'ங்க' போடுதிய? நான் என்ன தாசில்தாரா?"

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டாள். மூன்றாவது முறை சோறு வாங்கும்போதுதான் என் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். ரூத் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "நான் திருவிழாவுக்கெல்லாம் போனதில்லக்கா. ஆனா இது பூவாத்தான் இருக்கும். இந்த ஊர்ல பூவுக்கா பஞ்சம்?" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. மல்லிகை! லவினியா வரைந்தது மல்லிகை மழை!

மறுநாள் விடிந்ததும் பூச்சந்தைக்கு ஓடினேன். மூட்டை மூட்டையாக மல்லிகையும் பிச்சியும். எங்கள் அமெரிக்க ஊரில் ஒரு ரோஜாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அது ஏதோ குழந்தை என்பதுபோல ரெண்டு கையாலும் கொடுப்பார்கள். இங்கே வியாபாரிகள் மல்லிகையை முறத்தால் அள்ளிக் கொட்டுகிறார்கள். ஒரு பூக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்: "தபசு அன்னைக்கு மல்லிகைப் பூவை மேலே வீசுவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாலையாக் கட்டிச் சாமி கழுத்துல போடுதது பூவு. அத ஏன் வானத்துல வீசணும்? நீங்க எந்த ஊரு?"

எந்த ஊர் என்று சொல்வது? கோயம்புத்தூர் என்றேன். "அதானே பாத்தேன்" என்றார். கோயம்புத்தூர் என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனாலும் மனம் தளராமல் மல்லிகைக் கதையைக் கேரலுக்கு எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மல்லிகையில் சிவப்பு எங்கே?" அன்று மதியம் பிரியாணிக் கடையில் ஒரு தட்டு ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டேன். சிறுமணிச் சம்பா அரிசி, பஞ்சாய் வெந்த கறி. அந்தக் கவலையிலும் இன்னொரு தட்டு கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் ஆடித்தபசு. உள்ளூர் விடுமுறை. காலையிலேயே ஊருக்குள் ஜனம் வந்து நிறைந்துகொண்டிருந்தது. நான் மட்டும் எதிர்த் திசையில் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனேன். குளக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதாக லவினியா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். அது இந்த ஊர்க் குளமாக இருக்குமோ என்று ஓர் ஆசை. குளம் இருந்தது, எருமைகள் இருந்தன, லவினியாவின் தடயம் எதுவும் இல்லை. நூற்றைம்பது வருஷம் கழித்துக் கூடாரம் அடித்த ஆணியைத் தேடினால் என்ன கிடைக்கும்? வெயிலில் காய்ந்து கருவாடாகித் திரும்பும் பேருந்தில் ஏறினேன்.

இடித்துப் பிடித்து உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. பெயர் பேச்சிமுத்து என்று பிறகு தெரிந்தது. வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் உப்பலாக ஒரு வெள்ளைச் சாக்கு. தலையணை என்று நினைத்துக்கொண்டேன். காலடியில் இன்னொரு சின்னச் சாக்கு, அதிலிருந்து வந்த நெடியில் எனக்குத் தும்மல் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் நாலு பேர் தும்மினார்கள், கடைசியில் ஓட்டுநரும் தும்மினார். "வத்தல்மா. சாமிக்கு" என்றார் பேச்சிமுத்து, மன்னிப்புக் கேட்கும் குரலில். கோவில் மடைப்பள்ளிக்குக் கொடுக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

தும்மலுக்கு நடுவே படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! நல்லா வரஞ்சிருக்காகளே! இது அம்மன் சப்பரம், எதுக்க வாரது சாமி சப்பரம். தபசுக் காட்சில்லா இது!"

"இதோ வெள்ளை வெள்ளையா இருக்கே, இது என்னங்க?"

"அதுவா? அது நாங்கதாம்."

"அப்ப இந்தச் சிவப்பு?"

"அதுவும் நாங்கதாம்."

அதற்குமேல் கேட்பதற்குள், கூட்டத்தால் வண்டி போகாது என்று ஊருக்கு வெளியிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பேச்சிமுத்து சாக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஜனத்தில் கரைந்துபோனார். கூட்டத்தில் வந்த ஆட்களைக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம், கண் சரியாகத் தெரியவில்லை என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன். அடுத்தவர் கண்ணையும் மூளையையும் சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

மாலையில் ரூத் என்னைத் தெற்கு ரத வீதிக்குக் கூட்டிப் போனாள். அவளோடு வேலை பார்க்கும் டீச்சரின் வீட்டு மொட்டைமாடி. "நான் கும்பிடப் போகல, ஒங்களுக்குத் துணைக்குத்தான் போறேன். எங்க பாஸ்டர் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாடி ஏறியதும் கைப்பிடிச் சுவரில் முதல் ஆளாக இடம் பிடித்தவளும் அவள்தான்.

கீழே தெரு தெரியவில்லை, தலைகள்தான். நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கோபுரம் படத்தில் இருக்கும் அதே பக்கத்தில் நின்றது. தெருவின் வளைவும் அதுவே. லவினியா கூட்டத்துக்குள் நின்று வரையவில்லை, இப்படி எங்கோ ஒரு மாடியில் நின்றிருக்கிறாள். போதகரின் தங்கை, கும்பிட வராதவள், பார்க்க வந்தவள். மணியைப் பார்த்தேன். கேரலின் ஊரில் காலை எட்டு மணி தாண்டியிருக்கும். நண்பகலுக்கு இன்னும் நாலு மணி நேரம்கூட இல்லை, என் கையிலோ ஒரு பதிலும் இல்லை.

ஒற்றைக்காலில் தவம் இருந்த கோமதி அம்மனின் சப்பரம் காத்து நின்றது. எதிரே சங்கரநாராயணர் சப்பரம் அசைந்து அசைந்து வந்தது. ரெண்டும் நேருக்கு நேர் நின்ற நொடியில் தெருவே ஒரே குரலாய் அலறியது. அப்போது பனி பெய்தது.

சத்தியமாகப் பனி என்றுதான் நினைத்தேன். கையால் தலையை மூடிக்கொண்டேன், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். ஆயிரம் கைகள் மேலே போயின, வெள்ளை வெள்ளையாகக் காற்றில் எழும்பி, மிதந்து, சப்பரத்தின் மேலும் சனத்தின் மேலும் இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் சுழன்று சுழன்று மாடிக்கும் வந்தது. ஒன்று என் புறங்கையில் வந்து ஒட்டியது. உருகவில்லை. எடுத்துக் கசக்கினேன். உள்ளே கெட்டியாக விதை.

பருத்தி!

பஞ்சாலை ஊரில் பிறந்தவள் நான். அப்பா வேலை முடிந்து வந்தால் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும், நான்தான் ஊதிவிடுவேன். அந்த நான், பருத்தியைப் பனி என்று நம்பி, அட்டை எழுதி, பசை தடவி ஒட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நெடியும் வந்தது. வெள்ளைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகப் பறந்தன மிளகாய் வற்றல்கள். மாடியே தும்மியது.

நான் படியிறங்கி ஓடினேன். ரூத் பின்னால் கத்தியது காதில் விழுந்தும் நிற்கவில்லை. வாசலில் இருந்து நாலடி எடுத்து வைப்பதற்குள் கூட்டம் என்னை விழுங்கிவிட்டது. அங்கே, அந்த அத்தனை ஆயிரம் பேரில், தும்பைப்பூவாய் வெளுத்த தலையோடு பேச்சிமுத்து அண்ணாச்சி. தலையெல்லாம் பருத்தி.

"எம்மா! வந்துட்டியளா!" என்றார் பல் எல்லாம் தெரிய. "எதுக்குங்க இதை வீசுறீங்க?" என்று கத்திக் கேட்டேன். அவரும் கத்தித்தான் பதில் சொன்னார். "வெளஞ்சதுல மொதல்ல அவுகளுக்கு! பருத்தி போட்டவன் பருத்தி, வத்தல் போட்டவன் வத்தல்! அடுத்த வருசமும் வெளயணும்லா! இந்தாங்க, நீங்களும் விடுங்க!" என்று சாக்கிலிருந்து ரெண்டு கை நிறைய அள்ளி நீட்டினார்.

என் வலது கையில் கைப்பேசி. படம் எடுக்க வேண்டும், ஆதாரம் வேண்டும், அதற்காகத்தான் பாதி உலகம் தாண்டி வந்திருக்கிறேன். கைப்பேசியைப் பையில் போட்டேன். ரெண்டு கையாலும் பருத்தியை வாங்கி, என் பலம் கொண்டமட்டும் மேலே எறிந்தேன். மறுபடி வாங்கினேன், மறுபடி எறிந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் கத்தி எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை.

சப்பரம் நகர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. மாடி ஏறினேன். ரூத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஆடுன ஆட்டம் மொத்தத்தையும் வீடியோ எடுத்திருக்கேன். கோபுரம், சாமி, பருத்தி, வத்தல் எல்லாம் இருக்கு. இது போதுமா, இன்னொரு தபசு வரைக்கும் இருக்கப் போறியளா?" அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த மாடியில் இருந்து, அந்தக் கோணத்தில், லவினியாவின் படம் அசைவது போலவே இருந்தது ரூத்தின் வீடியோ.

அனுப்பிவிட்டுக் கேரலைக் கூப்பிட்டேன். அவள் வீடியோவைப் பார்த்து முடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சிவப்பு?"

"மிளகாய்."

"அப்படியென்றால் அவளுக்கு ஒன்றுமே இல்லை."

"ஒன்றுமே இல்லை. புழு இருந்தால் புழுவையும் வரைகிறவள், கேரல். பருத்தி பறந்தது, பருத்தியை வரைந்தாள்."

அச்சகத்தை நிறுத்தி வைக்கிறேன், புதிய வரிகளை இப்போதே சொல் என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். சங்கரன்கோவில், ஆடித்தபசு. உழவர்கள் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைத் தெய்வத்தின் மேல் தூவும் மாலை. தெற்கு ரத வீதியில் ஒரு மாடியிலிருந்து லவினியா பெக் கண்டு வரைந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து என் தலையில் இருந்து பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள் ரூத். "அந்தம்மா அதுக்கப்புறம் வரையவே இல்லையாக்கா?" என்றாள்.

"இல்லை. இருபது வருஷம் இருந்தாங்க. தொடவே இல்லை."

ரூத் இன்னொரு பஞ்சைப் பொறுக்கி எடுத்தாள். "அண்ணன் சொல்லுதாரு, டாக்டர் சொல்லுதாரு, ஊரே சொல்லுது. கடைசில அவுகளுக்கே சந்தேகம் வந்திருக்கும்லா? நாம பாத்தது நெசந்தானான்னு."

நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஊர் அவளை நம்பவில்லை என்பது வரைக்கும்தான் என் வருத்தம் போயிருந்தது. பனி கொட்டும் ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கண்ணைத் தானே நம்ப முடியாமல் போன ஒருத்தி இருந்திருக்கிறாள். அவ்வளவு கூட்டத்துக்கு மேலே, அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவே, நான் வாய்விட்டு அழுதேன்.

"என்ன ஆயிற்று? இருக்கிறாயா?" என்றாள் கேரல், உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து.

"இருக்கிறேன். கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்" என்றேன்.

நான் எழுதும் அட்டைகளில் ஒரு சொல் அதிகமானாலும் வெட்டுகிறவள் கேரல். "சொல்" என்றாள்.

"அவள் பார்த்தது நிஜம்."

மறுமுனையில் அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது எனக்குக் கேட்டது.